ஒரு வயதுச் சான்றைத் தேடி, மயிலாப்பூரிலிருந்து அடையாற்றுக்கு

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, அபிராமபுரத்திலிருந்து மயிலாப்பூர், தியாகராய நகர் வழியாக அடையாறு சென்று திரும்பினேன். மொத்தம் ஏறத்தாழப் பதின்மூன்று மைல். இதைப் பயணம் என்று சொன்னால் சிலர் நகைக்கலாம். ஆயினும், சிறுவர் நீதிமன்றத்தில் வழக்குள்ள ஒரு பிள்ளையை மனநோய் மருத்துவரிடம் காட்ட வேண்டிய பெற்றோரும், என்னைப் போன்ற கௌரவ விசாரணையாளர்களும் இந்த வழியில்தான் போயாக வேண்டும். எத்தனை மணிக்கு, எந்த வாசலில், எந்தக் காகிதத்துடன் நிற்க வேண்டும் என்று இதுவரை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை.

நான் அரசாங்க மொழிபெயர்ப்பு அலுவலகத்தில் பணிபுரிபவன். ஒன்பது ஆண்டுகளாகச் சிறுவர் நீதிமன்றத்துக்குச் சம்பளமின்றி விசாரணை அறிக்கைகள் எழுதித் தருகிறேன். பிள்ளை எங்கே வசிக்கிறது, பெற்றோர் யார், குற்றம் என்ன, காரணம் என்ன, வயது என்ன என்று அறிக்கையில் ஐந்து கட்டங்கள் உண்டு. ஐந்தையும் நிரப்பிக் கையெழுத்திட்டால் என் வேலை முடிந்தது.

இந்த வழக்கு லூர்துமேரி என்ற பெண்ணைப் பற்றியது. மயிலாப்பூரில் பிறந்து, கைக்குழந்தையாக ரங்கூனுக்குக் கொண்டுபோகப்பட்டு, யுத்தம் அங்கே எட்டியதும் தாயுடன் கால்நடையாகத் திரும்பி வந்தவள். தகப்பன் முன்பே காலமாகிவிட்டார். தம்பி ஒருவன் ரங்கூனிலேயே இறந்துவிட்டான். தாய் ஆரோக்கியம், தியாகராய நகரில் ஒரு வீட்டில் ஆயாவாக இருக்கிறாள். விமானத் தாக்குதலுக்கான ஒத்திகைச் சங்கு ஊதும்போதெல்லாம் இந்தப் பெண் தெருவுக்கு ஓடி, கல்லை எடுத்துக் கடைகளின் கண்ணாடியை உடைத்தாள். மூன்று முறை உடைத்தாள். மூன்றாம் முறை போலீஸார் பிடித்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் 'கூறவில்லை' என்றும், வயது என்ற கட்டத்தில் '16' என்றும் எழுதியிருந்தேன்.

சிறுவர் நீதிமன்றம் பதினாறு வயது நிறையாதவர்களுக்கு மட்டுமே உரியது. அடையாற்றில் ஒரு மருத்துவர், வியாழக்கிழமைகளில் பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை, அந்த நீதிமன்றம் அனுப்பும் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே கட்டணமின்றிப் பார்க்கிறார். பதினாறு நிறைந்துவிட்டால் இரண்டும் இல்லை. வழக்கு பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து பெண்கள் சிறைக்கோ, மனநோய் மருத்துவமனையின் பெரியவர்கள் பகுதிக்கோ போகலாம். லூர்துமேரியை அவ்வாறு மாற்றி அனுப்புவதற்கான உத்தரவு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பிறப்பிக்கப்பட இருந்தது. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வருத்தத்தை எழுதக் கட்டம் இல்லை.

புதன்கிழமை மாலை நீதிமன்ற குமாஸ்தா என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

"வயசுக்கு அத்தாட்சி எங்கே சார்? நீங்க பதினாறுன்னா பதினாறா? பெரிய கோர்ட்டுல ஏத்துக்க மாட்டான்."

அவர் கேட்டது நியாயம். ஆகவே என் எண்ணை உறுதி செய்துகொள்ளவே மறுநாள் புறப்பட்டேன். வேறு எந்த நோக்கமும் இருக்கவில்லை.

காலை ஏழு பத்துக்கு வீட்டைப் பூட்டினேன். குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது மனைவியையும் மகளையும் திருநெல்வேலியில் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பினேன். மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். இவர்கள் அங்கேயே இருப்பது நல்லது என்று மைத்துனர் எழுதினார். மனைவியும் மறுத்து எழுதவில்லை. நான்கு அறைகளில் ஒன்றை மட்டும் புழங்குகிறேன்.

தெருக்கோடியில் ஒரு ரிக்ஷாக்காரன் நின்றிருந்தான். லூர்துமேரி ஞானஸ்நானம் பெற்ற மயிலாப்பூர் மாதா கோயில் ஒன்றரை மைல். அவன் ஆறணா கேட்டான். அரசாங்க விகிதப்படி நாலணாதான் என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து விகிதத் தாளை எடுத்துக் காட்டினேன்.

"விகிதம் உன் ஜோபில கீது நைனா. வெயில் என் தலமேல கீது. ஏறு, அஞ்சணா குடு."

ஐந்தணா கொடுத்தேன். வருகிறவர்கள் ஐந்தணா என்றே வைத்துக்கொள்ளலாம்.

ஏழே முக்காலுக்குக் கோயிலை அடைந்தேன். காலைப் பூசை முடிந்து ஏழரை முதல் ஒன்பது வரை பதிவேடுகளைப் பார்க்கலாம். அவற்றைக் காப்பவர் உபதேசியார் சவரிமுத்து. பாடசாலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பெற்றோர் பெயர் இரண்டும் தெரிந்தால் போதும், தேடித் தருகிறார். அரைமணி நேரத்தில் இரண்டாவது ஏட்டில் கிடைத்தது. பிறந்த நாள், ஞானஸ்நானம் பெற்ற நாள், தகப்பன், தாய், ஞானத்தாய் என எல்லாம் ஒரே வரியில், அழகிய கையெழுத்தில் இருந்தன. அவர் நகல் எடுக்கும்போதே நான் மனத்தில் கணக்கிட்டேன். பிறகு உறையின் பின்புறத்தில் பென்சிலால் கணக்கிட்டேன். இரண்டு முறையும் பதினைந்து வருஷம் நான்கு மாதம் என்றே வந்தது.

"வேறு பெண்ணாக இருக்குமோ?" என்று கேட்டேன்.

"அப்பா அம்மா பேர் சரியா இருக்குதே. தாயார் என்ன வயசு சொன்னாங்க?"

"பதினாறு."

"பதினாறு நடக்குதுன்னு சொல்லியிருப்பாங்க. நம்மவங்க நடக்கிறதைத்தானே சொல்வாங்க? ஏன், உங்க வீட்டுல எப்படி?"

என் மகளுக்கு என்ன வயது என்று போன வாரம் அலுவலகத்தில் ஒருவர் விசாரித்தார். பன்னிரண்டு நடக்கிறது என்றேன். அவளுக்குப் பதினொன்று முடிந்து ஐந்து மாதமே ஆகிறது. நகலை மடித்து உறையில் வைத்துக்கொண்டேன். நகலுக்குக் கட்டணம் இல்லை. உண்டியலில் விரும்பியதைப் போடலாம்.

லஸ் முனை வரை நடந்து, ஒன்பது ஐந்துக்கு பஸ் பிடித்து, பனகல் பார்க்கில் இறங்கினேன். மூன்று மைல்; ஒன்றரை அணா. ஆரோக்கியம் வேலை செய்யும் வீடு அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை. கொல்லைப்புறம் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் என்னைக் கண்டதும் கையிலிருந்த வேட்டியைக் கீழே விட்டாள்.

"இன்னாய்யா? பொண்ண அனுப்பிட்டாங்களா?"

"இல்லை. நீ அன்று என்னிடம் வயதை எப்படிச் சொன்னாய்? சொன்னபடியே திரும்பச் சொல்."

"பதினாறு நடக்குதுன்னேன்."

"நடக்கிறது என்று சொன்னாயா?"

"பின்ன? நான் இன்னா பொய்யா சொல்றேன்? நடக்குதுன்னுதான் சொன்னேன். நீதான் மடமடன்னு எய்திக்கினே. நிமிந்து கூட பாக்கல. நான் பேசிக்கினே கீறேன், நீ அடுத்த கட்டத்துக்குப் போய்ட்டே."

பதிவேட்டின் நகலை விளக்கினேன். அவளுக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் வாங்கி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கணவரின் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டாள். காட்டினேன். அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்போ, அந்த டாக்டரு பாப்பாரா?"

"இன்று வியாழக்கிழமை. பார்ப்பார்."

வீட்டுக்காரரிடம் நானே பேசி, மாலை ஆறு வரை அவளுக்கு அனுமதி வாங்கினேன். பெண் வைக்கப்பட்டிருந்த காப்பு இல்லமும் தியாகராய நகரிலேயே இருக்கிறது. அங்கே பத்து முதல் பன்னிரண்டு வரையில்தான் மனு வாங்குவார்கள். வயதுச் சான்று, தாயின் கைநாட்டு, விசாரணையாளரின் கையெழுத்து மூன்றும் இருந்தால், ஆறு மணிக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையுடன் பிள்ளையை வெளியே விடுகிறார்கள். மனுவைக் காலையில் கொடுத்தும், ஒன்றே முக்காலுக்குத்தான் லூர்துமேரி வந்தாள். தலைவாரிப் பின்னியிருந்தார்கள். தாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

இரண்டு பத்துக்கு அடையாறு பஸ். மூன்றரை மைல், ஆளுக்கு ஒன்றே முக்கால் அணா. பெட்ரோல் தட்டுப்பாட்டால் எல்லாம் கரிவாயு வண்டிகள். கால அட்டவணையை நம்ப வேண்டாம். பாலத்துக்குச் சற்று முன் வண்டி இருமி நின்றுவிட்டது.

"எறங்கு எறங்கு! வண்டிக்கு மூச்சு வாங்குது. பெரியவரே, குடைய மடக்கினு கொஞ்சம் தள்ளேன்!" என்றார் கண்டக்டர்.

"தள்ளினா டிக்கெட்டு காசு திருப்பித் தருவியா மாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"தள்ளாம போனா மேல ஒரணா!"

எல்லாரும் சிரித்தார்கள், லூர்துமேரி சிரிக்கவில்லை. ஆனால் எவரும் கேட்காமலே முதலில் இறங்கிப்போய்த் தள்ளினவள் அவள்தான். வண்டி அசையவில்லை. நாங்கள் பாலத்தை நடந்தே கடந்தோம். ஆற்றுக் காற்று பலமாக இருந்தது. தாயும் மகளும் முன்னால் நடக்க, நான் காகிதங்களைப் பிடித்தபடி பத்தடி பின்னால் நடந்தேன்.

மருத்துவர் வீட்டை அடையும்போது மூன்று இருபத்தைந்து. சான்றைப் படித்த பிறகே உள்ளே அழைத்தார். தாயும் நானும் கூடவே அமரலாமா என்று பெண்ணிடம்தான் கேட்டார். அவள் தலையசைத்தாள். முதல் இருபது நிமிஷம் அவர் ரங்கூன் தெருக்களையும், டிராம்களையும், அங்கே எந்தக் கடையில் என்ன விற்பார்கள் என்பதையும் மட்டுமே விசாரித்தார். வழக்கைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. நேரம் வீணாவதாக எனக்குத் தோன்றியது. பிறகு, சங்கு ஊதினால் அங்கே என்ன செய்வீர்கள் என்றார்.

"எல்லாரும் உள்ள பூந்து கதவ சாத்திக்குவாங்க."

"நீ?"

"நானும் பூந்துக்கினேன். தம்பி வெளிய இருந்தான்." பின்னலைப் பிடித்தபடி, "கதவு கதவா தட்டினானாம். யாரும் தொறக்கல" என்றாள்.

"இங்கே கண்ணாடியை உடைத்தால் என்ன ஆகிறது?"

"தொறக்கறாங்க. திட்டிக்கினே எல்லாரும் வெளிய வராங்க."

ஆரோக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கும் இது புதிது. நான் இரண்டு முறை இந்தப் பெண்ணை விசாரித்திருக்கிறேன். 'ஏன் உடைத்தாய்?' என்று கேட்டு, ஒரு நிமிஷம் காத்து, 'கூறவில்லை' என்று எழுதியிருக்கிறேன்.

ஓராண்டு வாரந்தோறும் அழைத்து வர வேண்டும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஐந்தே முக்காலுக்குப் பெண்ணை இல்லத்தில் ஒப்படைத்தோம். உள்ளே போகுமுன் அவள், "நாளைக்கு நீயும் வருவியா?" என்று கேட்டாள். தாயைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன். என்னைத்தான் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை, திருத்த மனுவை என் கைப்படவே எழுதிச் சமர்ப்பித்தேன். 'தாயார் நடக்கும் வயதைக் கூறினார், நான் அதை நிறைந்த வயதாகப் பதிந்தேன், பிழை என்னுடையது.' மாஜிஸ்டிரேட் அதை உரக்கப் படித்தார்.

"இந்த வேலையில் எத்தனை வருஷமாக இருக்கிறீர்?"

"ஒன்பது வருஷம்."

"எல்லா அறிக்கையிலும் வயதை இப்படித்தான் கேட்டு எழுதினீரா?"

"ஆம்."

அவர் மனுவைக் கோப்பில் வைத்து உத்தரவு எழுதினார். பெண் தாயிடம் ஒப்படைக்கப்பட்டாள். ஓராண்டு மேற்பார்வை, வியாழன்தோறும் அடையாறு. வெளியே வந்ததும் ஆரோக்கியம் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்த வழியில் போகிறவர்களுக்குச் சில யோசனைகள். வியாழன் தவிர வேறு நாளில் புறப்பட வேண்டாம். கோயில், இல்லம், மருத்துவர் என்ற வரிசையை மாற்ற வேண்டாம். ஒன்றின் காகிதம் இல்லாமல் அடுத்தது நடக்காது. இந்துக்களாயின் நகரசபைப் பிறப்புப் பதிவில் தேடலாம். அதற்கு இரண்டு நாள் கூடுதலாக வேண்டும். பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பவும். பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும், நான் கொண்டுபோகவில்லை. விசாரணையாளர்களுக்கு ஒன்று: வயது என்ன என்று கேட்காதீர்கள். எந்த வருஷம், எந்த மாதம் பிறந்தது என்று கேளுங்கள். பதில் முழுவதும் முடியும் வரை பேனாவைத் திறக்காதீர்கள்.

என்னிடம் பழைய அறிக்கைகளின் நகல்கள் இருக்கின்றன. '16' என்று நான் எழுதியவை ஏழு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் விலாசத்துக்குப் போனேன். திருவான்மியூர்க் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்து. மூன்று ஆண்டுகளுக்கு முன் என் அறிக்கையின் பேரில் பெரியவர்களின் நீதிமன்றத்துக்குப் போய், ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்த பையனின் வீடு. அவன் தாய் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். அவன் பிறந்தது எந்த வருஷம், எந்த மாதம் என்று கேட்டேன். அவள் சொன்னாள். நின்றபடியே கணக்கிட்டேன், நான் அறிக்கை எழுதிய அன்று அவனுக்குப் பதினைந்து வருஷம் ஏழு மாதம்.

"இத்த இப்போ எதுக்குக் கேக்கற?" என்றாள்.

சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. என்னைப் போகச் சொல்லவும் இல்லை. அவன் வேலைக்குப் போயிருக்கிறானா என்று கேட்டேன்.

"உள்ள கீறான். வந்ததிலேர்ந்து யாரோடயும் பேசறதில்ல. நீ வேணா பேசிப் பாரு."

காலணிகளைக் கழற்றிவிட்டு, குனிந்து உள்ளே போனேன். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கையில் காகிதமோ பேனாவோ இல்லாமல், அவனுக்குப் பக்கத்தில் தரையில் அமர்ந்தேன்.