நான்காம் வார்த்தைக்கு ஒரு கிதார்

ஆராதனையில் புதிய வாத்தியம் வாசிக்க யார் விண்ணப்பித்தாலும், சபைக் கமிட்டி தன் அடுத்த கூட்டத்திலேயே ஆராய்ந்து எழுத்தில் பதில் தரவேண்டும் என்பது எங்கள் சபையின் விதி. அடுத்த கூட்டத்துக்குப் போதிய உறுப்பினர்கள் வரவில்லை. சேராத கூட்டம் கூட்டமே அல்ல என்பதால் விதி மீறப்படவும் இல்லை.

விண்ணப்பித்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எண்பதுகளின் தொடக்கத்தில் மூக்கண்டப்பள்ளியில் எங்களோடு தங்கி, தொழிற்பேட்டையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். பெங்களூரில் பழையதாக ஒரு எலெக்ட்ரிக் கிதார் வாங்கி, கேசட்டில் கேட்ட, கிதார் உறுமும் ஹெவி மெட்டல் இசையை இயேசுவுக்காக வாசிப்பது என்று தீர்மானித்திருந்தார். அந்த உறுமலைத் தரும் கருவி வாங்க வசதியில்லை. ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை பிளேடால் அங்கங்கே கீறினார், உறுமல் வந்துவிட்டது.

"பேய் புடிச்ச கிரைண்டராட்டம் இருக்குதுடா," என்றாள் அம்மா.

பெரிய வெள்ளி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் நான்காவதான 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' தியானிக்கப்படும்போது, கைவிடப்பட்டவரின் கூக்குரலாக அது ஒலிக்கவேண்டும் என்பது மாமாவின் ஆசை. கேட்பதற்குப் பெங்களூரிலிருந்து ஒரு கிறிஸ்தவ மெட்டல் குழுவினர் வருவதாக இருந்தார்கள். பிடித்தால் சேர்த்துக்கொள்வார்கள். லேத்தை விட்டுவிடலாம்.

கமிட்டியின் பதில் வராததால் போதகர் வாய்மொழியாக அனுமதித்தார். மாமா வியாழனன்றே ஸ்பீக்கரைக் கோயிலில் வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போனார். அதைச் சபைப் பொருளாளர் பார்த்துவிட்டார். நல்ல மனிதர்.

மறுநாள் ஆராதனை தொடங்கும் முன் அவர் மாமாவின் தோளைத் தட்டினார். "கிழிஞ்சத வச்சிக்கினு எப்பிடி தம்பி வாசிப்ப? நேத்தே ஆள் வச்சி புதுப் பேப்பர் ஒட்டிட்டேன். என் செலவுதான், கமிட்டிக்கெல்லாம் எழுதிக்கினு இருக்காத."

எங்கள் சபையில் விண்ணப்பமே இல்லாமல் ஒரே நாளில் முடிந்த காரியம் அது ஒன்றுதான்.

வயர் சீவ வைத்திருந்த பிளேடை மாமா பையிலிருந்து எடுத்தார். பொருளாளர் முதல் வரிசையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரையே பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். மாமா பிளேடைப் பையிலேயே போட்டுக்கொண்டார்.

நான்காம் வார்த்தை தாலாட்டு மாதிரி ஒலித்தது. சபையார் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள். பெங்களூர்க்காரர்கள், "நல்லா வாசிக்கிறீங்க, பிரதர்," என்று கைகுலுக்கிவிட்டு பஸ் ஏறினார்கள். மாமாவின் இசை வாழ்க்கையில் பதவியேற்பும் ஓய்வும் ஒரே ஆராதனையில் நடந்தன.

இன்றுதான் கேட்க நன்றாயிருந்தது என்று வீட்டுக்கு வரும் வழியில் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கிதார் கட்டிலுக்கடியில் போனது. அவர் லேத்திலேயே நரைத்தார். எல்லாருக்கும் பிடித்த ஒன்றை ஒருவர் ஏன் நிறுத்துகிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.

ஸ்பீக்கர் பழுதற்றதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு கமிட்டியின் எழுத்துப்பூர்வ அனுமதி, ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை வந்து சேர்ந்தது.