ரசம் எத்தனை டிகிரி

கண் முகாமில் என்னை ஆபரேஷனுக்கு அழைத்துப்போகும் வேனில் ஏற்றாமல் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணை உடனே ஆபரேஷன் செய்தாக வேண்டும், ஆனால் பிரஷர் இப்படி ஏறிக் கிடந்தால் செய்ய முடியாது என்றார் டாக்டரம்மா. மாத்திரை எழுதிக் கொடுத்து, "உப்பைக் கொறைச்சுட்டு அடுத்த மாசம் வாங்க" என்றார். மரக்காணத்து உப்பளத்தில் மேஸ்திரியாக இருப்பவரின் பெண்டாட்டியிடம் இதைச் சொல்கிறோமே என்ற கூச்சம் அவருக்குத் துளியும் இல்லை.

எனக்கோ அவசரம். நான் தையல்காரி. விடியற்காலையில் என் வீட்டுக்காரர் மிஷின் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துவிட்டுத்தான் உப்பளத்துக்குப் போவார். பத்து மணிக்கு நூல் அறுந்தால் அன்றைய பிழைப்பு அவ்வளவுதான். கிளியனூர் கல்யாணப் பெண் ஒருத்திக்கு ஜாக்கெட்டில் இரண்டையும் வலது கையாகவே வைத்துத் தைத்துவிட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவள் டிராபிக் போலீஸ் மாதிரி நின்றாள். இன்னும் இரண்டு மாதம் இப்படியே போனால் தையல் மிஷினை மூடி, அதன் மேல் டிவியை வைக்க வேண்டியதுதான்.

அதனால் மறுநாளே உப்பை அடியோடு நிறுத்தினேன். காலையில் உப்பில்லாக் கஞ்சி, மதியம் உப்பில்லாக் குழம்பு, முகத்தில் ஒரு தியாகக் களை. சாயங்காலம் ஆறு மணிக்கு என் கை மாங்காய் ஊறுகாய் பாட்டிலுக்குள் மணிக்கட்டுவரை இருந்தது. வீட்டுக்காரர் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? கடல் தண்ணி ஒரே நாள்ல உப்பாயிடுதா? ஒரு பாத்தியிலேருந்து அடுத்த பாத்திக்கு மாத்தி மாத்தி, டிகிரி டிகிரியா ஏத்தித்தானே கொண்டாறோம். எறக்குறதும் அப்டித்தான். வாரத்துக்கு அரை டிகிரி எறக்கு, போதும்."

யோசனை நல்ல யோசனைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். மறுநாள் உப்பளத்திலிருந்து டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயையே கையோடு கொண்டுவந்தார். பாத்தித் தண்ணீரில் அதை மிதக்கவிட்டு, அது எவ்வளவு மேலே எழும்புகிறது என்று பார்த்து, உப்பு விளையத் தயாரா என்று சொல்வார்கள். இவர் ஒரு தண்ணீர் பாட்டிலின் கழுத்தை அறுத்து, அதில் என் ரசத்தை ஊற்றி, குழாயை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"மூணு! அடியேய், கடலே மூணுதான். முப்பது வருஷமா என்னைக் கடலைப் பெசைஞ்சு துன்ன வெச்சிருக்கே!"

அன்றிலிருந்து தினமும் அளவெடுப்பு. சுடச்சுட அளந்தால் கணக்குத் தப்புமாம். ஆறும்வரை காத்திருந்து, ஜில்லென்ற ரசத்தைச் சாப்பிட்டோம். சுவர்க் காலண்டரில் தேதிக்குக் கீழே பென்சிலால் டிகிரியைக் குறித்து வைப்பார். சாம்பார் ஒருநாள் எட்டு காட்டியது. அன்று என்னைக் கொலைகாரியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

இரண்டாம் வாரம் நான் ஒன்றைக் கண்டுபிடித்தேன். ரசத்தில் ஒரு சொம்பு தண்ணீரை விளாவினால் குழாய் மளமளவென்று உள்ளே இறங்குகிறது. உப்பு டப்பாவைத் தொடவே வேண்டாம்! இன்னொன்றும் கண்டேன். கருவாட்டில் குழாய் இறங்காது. அப்பளத்திலும் இறங்காது. ஆகவே அவை சட்டத்துக்கு வெளியே. அனுமந்தையிலிருந்து கூடையோடு வரும் கருவாட்டுக்காரம்மாவிடம் நெத்திலி வாங்கி, தையல் துணி மூட்டைக்குள் ஒளித்து வைத்தேன். மதியம் வீட்டுக்காரர் சாப்பிட்டுவிட்டு உப்பளத்துக்குத் திரும்பியதும் நான்கு வறுத்துக்கொள்வேன். வெட்கமாவது ஒன்றாவது. காலண்டரில் டிகிரி அழகாக இறங்கிக்கொண்டு வந்தது. அவர் உப்பளம் முழுக்கப் பெருமை பேசித் திரிந்தார்.

அடுத்த மாத முகாமில் பிரஷர் இருந்த இடத்திலேயே இருந்தது. மறுபடியும் வேன் என்னை விட்டுவிட்டுப் போயிற்று.

வீடு வந்ததும் அவர் தணிந்த குரலில், "என் கொழாய்தான் சரியில்ல போல. நீ இன்னா பண்ணுவே, பாவம்" என்றார். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அவர் சும்மா இருக்கவில்லை. இன்னொரு குழாயை இரவல் வாங்கி வந்தார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க. அன்று அமாவாசை. அடுப்பில் ஆறிக்கொண்டிருந்தது பாயசம்தான். அதிலேயே இரண்டையும் விட்டார். இரண்டுமே பதினேழு காட்டின.

"பாயசத்துல உப்பு போட்டியா?"

"ஐயோ, வெல்லங்க!"

"இதை இன்னும் ரெண்டு நாள் வெயில்ல வெச்சா உப்பு விளையும்டி!"

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் குழாய்க்குத் தெரிந்ததெல்லாம் கெட்டியா, நீர்த்ததா என்பதுதான். உப்பளத்துத் தண்ணீரில் உப்பைத் தவிர வேறென்ன இருக்கிறது? அதனால் அங்கே அது பொய் சொன்னதில்லை. பருப்புக்கும் வெல்லத்துக்கும் முன்னால் திருதிருவென்று விழித்திருக்கிறது. அவர் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் சொம்புத் தண்ணீர், நெத்திலி எல்லாவற்றையும் நான் கக்கிவிட்டேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு மாசமா எனக்குக் கழனித் தண்ணியை ஊத்திட்டு, நீ மட்டும் கருவாடு துன்னியா? எனக்கு ஒண்ணே ஒண்ணு குடுக்கணும்னு தோணலயா?"

அழுதேன், அழுதுகொண்டே சிரித்தேன்.

குழாய்கள் உப்பளத்துக்கே திரும்பிப் போயின. இந்த முறை நிஜமாகவே அரை அரையாக இறங்கினேன். குழம்புக்குக் கும்பலாக ஒரு ஸ்பூன் போட்டுக்கொண்டிருந்தவள் தலைதட்டிப் போட்டேன். பத்து நாள் கழித்து, அதிலிருந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளி டப்பாவிலேயே திரும்பப் போட்டேன். பிறகு இரண்டு சிட்டிகை. மிளகும் எலுமிச்சையும் கொஞ்சம் தூக்கலாகப் போய்ச்சேர்ந்தன. கருவாடு ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும், அதுவும் ஊறவைத்து அலசி, இருவருக்கும் சமமாக. நடுவில் ஒரு மழைநாளில் முழு அப்பளப் பாக்கெட்டையும் பொரித்துத் தின்றுவிட்டு, இனி என்னால் ஆகாது என்று மூலையில் உட்கார்ந்தேன்.

"மழை பேஞ்சா பாத்தியில உப்பு கரைஞ்சுதான் போவும். அதுக்குன்னு அளத்தை இழுத்து மூடிட்டா போறோம்? மறுபடி தண்ணி கட்டுவோம். ஏந்திரு, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். எழுந்தேன். நாளைக்கு என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்தே பல நாட்களை ஓட்டினேன்.

மூன்று மாதம் கழித்து, முகாமில் டாக்டரம்மா பிரஷர் கருவியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏறுங்க" என்றார். வேனில் ஜன்னலோரம் இடம் பிடித்தேன். ஆபரேஷனுக்கு மறுநாள் கண்கட்டை அவிழ்த்ததும் எதிரே ஒரு கிழவர் நின்றார். கன்னம் ஒட்டி, மீசை வெளுத்து. யாரோ என்று பார்த்தால் என் வீட்டுக்காரர்.

"எப்பங்க இப்டி ஆனீங்க?"

"தெரியுதா? நல்லா தெரியுதா?" இரண்டு முறை கேட்டார். குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க உடனே, "அப்ப வீட்டுக்குப் போனதும் எனக்கு மட்டுமாச்சும் பழையபடி உப்பு போட்டு ஒரு சாம்பார் வை" என்றார்.

கேட்டதில் நியாயம் இருந்தது. எனக்குத் துணையாக அத்தனை மாதமும் அதே சப்பென்ற குழம்பைத்தான் தின்றார், ஒருநாள்கூட முகம் சுளிக்காமல். ஒரு வாரம் கழித்து, தனிப் பாத்திரத்தில் கும்பலாக ஒரு ஸ்பூன் போட்டுச் சாம்பார் வைத்தேன். ஆசையாகப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணை இறுக்கி மூடினார். பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார்.

"ஏய், கரிக்குதுடி!"

முப்பது வருஷம் உப்புக்குள்ளேயே நின்ற மனிதரின் முகம் அப்படிக் கோணிப் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இப்போது பார்க்க எனக்குக் கண் இருந்தது. ஒவ்வொரு சுருக்கமாக நன்றாகப் பார்த்துவிட்டு, என் குழம்பை எடுத்து அவர் தட்டில் ஊற்றினேன்.