அடிக்குறிப்பில் இருந்த அக்கா

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட மூத்த பாய்லர்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஈர விரிப்பின் ஒரு முனையை அவளும் மறுமுனையை நானும் பிடித்து, துணி தேய்க்கும் சூடான உருளைக்குள் சுருக்கமில்லாமல் செலுத்துவது எங்கள் வேலை. அந்த இரைச்சலில் பேச முடியாது, கத்தத்தான் வேண்டும். அதனால் எங்கள் கூடத்தில் ரகசியம் எதுவும் தங்காது. அக்காவின் தம்பி நாவல் எழுதியிருக்கிறான் என்ற சேதியும் ஒரே நாளில் எல்லோர் காதுக்கும் போய்விட்டது.

தம்பியை வளர்த்தது அவள். அம்மா இருமி இருமியே போய்ச் சேர்ந்தபோது அவளே சின்னப்பெண், அவனுக்கு ஏழு வயது. அப்பா குடித்தே அழிந்தவர். கையில் காசில்லாத நாளில் பையனைச் சாராயக்கடை வாசலில் நிறுத்தி, தாயில்லாப் பிள்ளை என்று சொல்லிக் கையேந்த வைப்பார். ஒருமுறை அவனை அங்கேயே மறந்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். அக்காவுக்கு அப்போதுதான் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்திருந்தது. தம்பிக்குப் பள்ளிக்கூடம் அரைநாள்தான். சாப்பாட்டு இடைவேளையில் ஓடிப்போய்த் தம்பியை அழைத்துவந்து, அவர்கள் குடியிருந்த ஒற்றை அறையில் விட்டு, அப்பா இழுத்துப் போகாதபடி வெளியே பூட்டிச் சாவியைக் கையோடு எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவாள்.

அப்படிப் பூட்டியிருந்த ஒரு மத்தியானம் பக்கத்து அறையில் அடுப்பு வெடித்தது. புகை சுவரிடுக்கு வழியே உள்ளே ஏறியது. அக்கம்பக்கத்தார் ஜன்னல் கம்பியைப் பெயர்த்துத்தான் பையனை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் அதன் பிறகு பேச்சு திக்கும். அடுத்த வாரமும் அக்கா பூட்டிவிட்டுத்தான் வேலைக்கு வந்தாள். "வேற என்ன பண்றது, சொல்லு?" என்று ஒருதரம் என்னிடம் கேட்டாள்.

அவனைப் படிக்க வைத்தாள். தனக்கு வந்த சம்பந்தத்தையெல்லாம் தட்டிக் கழித்தாள். அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவனாகச் சேர்ந்து தனியே அறை எடுத்துக்கொண்ட பிறகுதான் கொஞ்சம் மூச்சுவிட்டாள்.

நாவலை அவனே கொண்டுவந்து கொடுத்தான். துணி மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் படித்தோம். பக்கத்தின் மேல்பாதி எங்களுக்குப் பிடிபடவில்லை. ஒரு மனிதன் ஓர் அறையில் உட்கார்ந்திருக்கிறான். புத்தகம் முடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறான். முற்றுப்புள்ளியே கிடையாது. ஆட்களுக்குப் பெயரும் கிடையாது. அம்மா 'இருமல்', அப்பா 'பாட்டில்', தம்பி தன்னை 'அது' என்கிறான்.

"மூச்சு முட்டுதுடி" என்றாள் அக்கா.

மேல்பாதிக்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே பொடி எழுத்தில் அடிக்குறிப்புகள். அங்கேதான் அவள் இருந்தாள், 'கதவு' என்ற பெயரில். கதவு காலையில் எழுந்தது. கதவு சோறு வைத்தது. கதவு சாவியை எடுத்துக்கொண்டு போனது. புகை வந்த நாளும் இருந்தது. அந்தக் குறிப்பு இப்படி முடிந்தது: 'அடுத்த வாரமும் கதவு பூட்டப்பட்டது.'

சாராயக்கடை எங்கும் இல்லை.

அக்கா அழவில்லை. புத்தகத்தை மூடி, மேலே ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, வேலைக்கு எழுந்தாள்.

அந்த நாவலைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. தன் வாழ்க்கையையே அறுத்துப் பார்க்கிற புது முயற்சி என்றது ஒன்று. தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை என்றது இன்னொன்று. எங்கள் பாய்லர்காரர் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, "என்னக்கா, உன்னைக் கதவாக்கிட்டானாமே! நல்லவேளை, மிதியடி ஆக்கலை" என்று சிரித்தார். அக்காவும் சிரித்தாள். அன்றைக்குச் சாப்பாட்டை மட்டும் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

பிறகு ஒரு நூலகத்தின் மாடியில் விமர்சனக் கூட்டம் நடந்தது. தம்பி அழைத்திருந்தான். நான் துணைக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர், "கதவு என்பது ஒரு பெண் அல்ல. நம் ஒவ்வொருவரையும் பூட்டி வைத்திருக்கிற அதிகாரம்" என்றார். கைதட்டினார்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் எழுந்து, "அந்தக் கதவுக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு இவர் ஒரு தடவையாவது தட்டிப் பார்த்தாரா?" என்று கேட்டார். அதற்கு யாரும் கைதட்டவில்லை. கடைசியாகப் பேசிய இளம் விமர்சகர், அடிக்குறிப்புகள் வெறும் கண்ணீர் வியாபாரம் என்றார். "அதை வெட்டி எறிஞ்சாத்தான் நாவல் எழுந்து நிக்கும்."

தேநீர் கொடுத்தபோது ஒருவர் அக்காவைப் பார்த்து, "நீங்க வாசகரா?" என்றார்.

"இல்லைங்க. இவங்களோட சும்மா வந்தேன்" என்று என்னைக் காட்டினாள். தம்பி இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தான். கையிலிருந்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தான்.

தெருவுக்கு வந்ததும் அவனை நிறுத்தினாள். "அப்பா உன்னை எங்க கூட்டிட்டுப் போனாருன்னு ஏன்டா எழுதலை?"

"ஏ... ஏழு வயசுப் பையன் கண்ணால எழுதினேன்கா. அவனுக்கு அது புரியாது."

"உனக்குப் புரியுமில்ல?"

"புரியும். ஆனா இது நாவல்கா. எல்லாத்தையும் விளக்கினா செத்துப்போயிடும்."

"அப்ப நான் செத்தாப் பரவாயில்லை" என்றாள். நடந்துவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. அவன் போன் செய்தால் எடுக்க மாட்டாள். சலவைக்கூட வாசலில் வந்து நின்றால் பின்வாசல் வழியே போய்விடுவாள்.

நாவலின் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தனுப்பினான். "அக்கா மனசு நோகுற மாதிரி இதுல ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க" என்றான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

அக்கா முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். விரலை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வைத்து வைத்துப் பார்த்தாள். கோடு இல்லை. பொடி எழுத்து இல்லை. அறை இருந்தது, இருமல் இருந்தது, பாட்டில்கூட இருந்தது. அவள் மட்டும் இல்லை. சோறு யார் வைத்தார்கள் என்று அந்தப் புத்தகத்தில் யாருக்கும் தெரியாது.

"முன்னே திட்டியாவது என்னை வச்சிருந்தான்" என்றாள். அன்றைக்குத்தான் அவள் அழுது நான் பார்த்தேன். உருளை ஓடிக்கொண்டிருந்ததால் சத்தம் கேட்கவில்லை.

அந்தப் பதிப்புக்குத்தான் பரிசு கிடைத்தது. நாவல் இப்போது எலும்பும் நரம்புமாக நிற்கிறது என்று அதே இளம் விமர்சகர் எழுதினார். கண்ணாடி அம்மாள் மட்டும், தூணை எடுத்துவிட்டுக் கூரையைப் பாராட்டுகிறார்கள் என்று எங்கோ நாலு வரி எழுதியிருந்தாராம்.

பரிசுக்குப் பிறகு தம்பி வாசலில் அவளை மடக்கிப் பிடித்தான். நானும் பக்கத்தில் இருந்தேன். "உ... உனக்காகத்தான்கா எடுத்தேன். வேணும்னா அடுத்த பதிப்புல திரும்பச் சேர்த்துடறேன். சாராயக்கடையையும் சேர்த்து."

"எனக்காகவா, அவங்க சொன்னதுக்காகவா?"

"அ... அ..." என்றான். வாய் திக்கியதா, பதிலே இல்லையா, எனக்குத் தெரியாது.

"எடுக்கறதும் விரிக்கறதுமா இருக்க நான் என்ன ஆஸ்பத்திரி விரிப்பாடா?" என்றாள். "விடு. சேர்க்க வேண்டாம்."

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் வலது கை உருளைக்குள் போய்விட்டது. நான்தான் நிறுத்துவிசையை அழுத்தினேன், ஆனாலும் இரண்டு விரல் போயிற்று. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, நாங்கள் தேய்த்த விரிப்பிலேயே படுத்திருந்தாள். தம்பி வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து பக்கத்திலேயே இருந்தான். சோறு பிசைந்து ஊட்டினான். அவளும் வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள். மருந்து, காய்ச்சல், வீட்டு வாடகை என்று பேசினார்கள். நாவலைப் பற்றி இருவரும் வாயே திறக்கவில்லை.

பக்கத்துக் கட்டில் பெண், "யாரு, மகனா? என்ன பண்றாரு?" என்று கேட்டாள்.

"தம்பி" என்றாள் அக்கா. "எழுதுவான். நல்லா எழுதறான்னு சொல்றாங்க" என்றாள்.

தம்பி கிண்ணத்தைக் கழுவ எழுந்து போனான். திரும்பி வர நேரமாயிற்று.