கட்டினதா, வாங்கினதா?

ஆர்டிஸ் ஹால்வர்சன் என் பெயரைக் கேட்பதற்கு முன்னால் கேட்ட கேள்வி இதுதான். சொந்த விமானக்காரர்கள் வருஷா வருஷம் கூடும் ஃபாக்ஸ் மார்ஷ் விமானக் கூட்டத்துக்கு நான் முதல்முறை போன ஜூலை மாதம் அது. என் விமானத்தை இறக்கி, புல் தரையில் மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட ஒரு குட்டையான பெண்மணி இரண்டு கொடிகளையும் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்து என்னை நிறுத்தினாள். என்ஜினை அணைக்கும்படி கழுத்தில் விரலை இழுத்துக் காட்டினாள். நான் கதவைத் திறந்ததும்தான் அந்தக் கேள்வி.

"வாங்கினது" என்றேன். மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு பேர் உட்காரும் பழைய செஸ்னா. பார்த்தாலே தெரியும்.

"அப்ப வடக்குக் கோடி. சோயா வயலை ஒட்டி. கண்ணாடியில 'வ'ன்னு எழுதின தாள் இருக்கணும். கட்டிப்போட மூணு கயிறு, மூணு முளை. முளை உங்களதா, கடன் வாங்கினதா?"

"என்னோடதுதான்."

"நல்லது. கெளம்புங்க, பின்னால ஆள் நிக்கிறாங்க."

மரத்தடி, சாப்பாட்டுக் கூடாரம், குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் தெற்குப் பக்கம். அங்கே சொந்தமாகக் கட்டிய விமானங்கள் மட்டும்தான் நிற்கும். என்னுடையதைப் போல ஆலையில் செய்து வந்தவை வடக்கே வெயிலில். நடுவே நல்ல இருபது நிமிட நடை. நான் அன்று அந்த இருபது நிமிடமும் முணுமுணுத்துக்கொண்டேதான் நடந்தேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வெண்டல் ஷ்ரைபர். பால் லாரி ஓட்டுகிறேன். விடியற்காலையில் பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிச் சீஸ் ஆலையில் இறக்குவது என் வேலை. விஸ்கான்சினில் இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது, பசுவுக்கு ஞாயிற்றுக்கிழமை தெரியாதே. ஆனாலும் காலை பத்து மணிக்குள் முடிந்துவிடும். மீதிப் பகலில் பறப்பேன். விமானம் கட்ட வேண்டும் என்று ஆசை உண்டு. கட்ட இடம் இல்லை. நானும் என் மனைவி கோனியும் இருப்பது ஒரு இரும்புக் கடைக்கு மேல்மாடி வீடு.

அதனால் கூட்டத்துக்குப் போனால் என் விமானத்தருகே நான் நிற்பதே இல்லை. முளை அடித்துக் கட்டியதும் தெற்கு வரிசைக்கு நடந்துவிடுவேன். ஒவ்வொரு விமானமாகக் குனிந்து பார்ப்பேன். கட்டியவர்கள் மடக்கு நாற்காலி போட்டு இறக்கை நிழலில் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கேள்வி கேட்டால் அரைமணி நேரம் பேசுவார்கள்.

இரண்டாம் வருஷம் ஆர்டிஸிடம் வாதாடிப் பார்த்தேன். உட்காரும் மெத்தை இரண்டையும் நானே தைத்தேன், அது கணக்கில் வராதா என்று கேட்டேன். வராது என்றாள். மூன்றாம் வருஷம், மேப் வைக்கும் பலகையை நானே செய்தேன் என்றேன். பலகையை மட்டும் கழற்றி எடுத்து வந்து தெற்கில் நிறுத்திக்கொள்ளலாம் என்றாள். நான்காம் வருஷம் ஒரு வேலை செய்தேன். சொந்தமாகக் கட்டிய விமானம் என்றால் கதவருகே 'சோதனை விமானம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும், அது சட்டம். நான் அட்டையில் அதை எழுதி என் கதவில் ஒட்டிக்கொண்டு வந்தேன். ஆர்டிஸ் தன் குட்டி ஸ்கூட்டரில் வந்து, அட்டையைப் பிய்த்து, நாலாய் மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். முகத்தில் சிரிப்பே இல்லை. ஆனால் மதியம் சாப்பாட்டுக் கூடாரத்தில் அதை எல்லாருக்கும் காட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலம்தான் அவளிடம் நேராகக் கேட்டேன், எதற்கு இந்தப் பிடிவாதம், எல்லாம் இறக்கை வைத்ததுதானே என்று. பன்னில் வைத்த பிராட்வர்ஸ்ட் சாசேஜைக் கடித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"உன் செஸ்னா மாதிரி ஆயிரக்கணக்குல இருக்குய்யா. ஒண்ணு கழண்டா புஸ்தகத்தைப் பாப்பே, இல்லேன்னா மெக்கானிக்கைக் கூப்பிடுவே. இவங்களுக்கு யாரு இருக்கா? பக்கத்து விமானத்துக்காரன்தான். அவனும் அதே எடத்துல தடுக்கி விழுந்திருப்பான். அதுக்குத்தான் பக்கத்துல பக்கத்துல நிறுத்துறேன். ஒருத்தன் இங்கே, ஒருத்தன் சோயா வயல்லேன்னா எப்படிக் கேட்டுக்குவாங்க?"

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. விளையாட்டுக்கு மட்டும் வருஷம் ஒரு பொய் சொல்வேன்.

ஆர்டிஸ் அலுமினியப் படகு ஆலையில் முப்பத்தொரு வருஷம் ரிவெட் அடித்தவள். தகடோடு தகடைச் சேர்த்து அடிக்கும் அந்தச் சின்ன ஆணியில் அவளுக்குத் தெரியாதது கிடையாது. தெற்கு வரிசையில் யாருடைய இறக்கையையும் ஒரு பார்வை பார்த்தால் போதும், எந்த வரிசையை அவசரத்தில் அடித்தார்கள் என்று சொல்லிவிடுவாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பறக்க லைசென்ஸ் வைத்திருந்தாள், வாடகை விமானத்தில் அவ்வப்போது பறப்பாள். அவளிடம் சொந்த விமானம் உண்டா என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை.

ஆறாம் வருஷம், சனிக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும். மேற்கே வானம் புயலுக்கு அடையாளமாகப் பச்சையாகிப்போனது. ஒலிபெருக்கியில் கயிறுகளைச் சரிபாருங்கள் என்று சொல்லி முடிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. நான் வழக்கம்போலத் தெற்கு வரிசையில் இருந்தேன். வரிசைக் கடைசியில் ஒரு சின்ன விமானம். அதன் சொந்தக்காரர் ஊருக்குள் போயிருந்தார். நாய் கட்டுகிற மெல்லிய முளையை அடித்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரு பக்க முளை பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. இறக்கை ஆளுயரம் எழும்புகிறது. அதன் நுனியில் ஆர்டிஸ் தொங்கிக்கொண்டிருக்கிறாள், இரண்டு காலும் தரையில் இல்லை.

ஓடிப்போய் மேலே எக்கி இறக்கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "விடாதே, விடாதே" என்று கத்தினாள். மழை முகத்தில் சரளைக்கல் மாதிரி அடித்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது, கால் மணி நேரமாவது இருக்கும். யாரோ இரண்டு பேர் வேறு கயிறு கொண்டுவந்து கட்டியபிறகுதான் விட்டோம். அந்த விமானத்துக்கு ஒரு கீறல் கூட இல்லை. சொந்தக்காரர் திரும்பி வந்ததும் ஆர்டிஸ் அவரிடம் என்ன பேசினாள் என்பதை இங்கே எழுத முடியாது.

பிறகு பதிவுக் கூடாரத்தில் சொட்டச் சொட்ட உட்கார்ந்து காபி குடித்தோம். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை எவ்வளவு நீளம்?"

சட்டை வாங்கும்போதெல்லாம் சிரமம் என்றேன். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து அக்குளில் வைத்து அளந்தே பார்த்துவிட்டாள். நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமைல என்ன பண்றே?"

"பால் எறக்கினப்புறம் ஒண்ணுமில்லே. கோனிகிட்டக் கேக்கணும்."

கோனியிடம் கேட்டேன். விமானம் என்றாலே அவளுக்குக் குமட்டல். "அந்தம்மா உன்னை வெச்சுக்கட்டும். திருப்பித் தர அவசரமே இல்லேன்னு சொல்லு" என்றாள். ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட இனிப்புப் பண்டம் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்பினாள்.

ஆர்டிஸின் கார் ஷெட்டில் கார் இல்லை, விமானம் இருந்தது. உடல் முடிந்து, வால் முடிந்து, வலது இறக்கை முடிந்து, எல்லாவற்றுக்கும் மேல் பழைய போர்வை. இடது இறக்கை மட்டும் தாங்கியில் கிடந்தது. அடிப்பக்கத்துக் கடைசித் தகடு மூடப்படாமல், ஒன்பது வருஷமாக.

கடைசித் தகட்டை மூடுவது ஒற்றையாள் வேலை இல்லை. வெளியே ஒருத்தர் காற்றுத் துப்பாக்கியால் ரிவெட்டை அடிக்க, உள்ளே ஒருத்தர் கையை விட்டு அதன் வாலுக்கு இரும்புக் கட்டையை அண்டக் கொடுக்க வேண்டும். ஆர்டிஸுக்குக் கை குட்டை. அவளுடைய தங்கை லோயிஸ்தான் உள்வேலை பார்த்துவந்தாளாம். லோயிஸின் கணவருக்கு நுரையீரல் கெட்டு, காய்ந்த காற்று வேண்டுமென்று அரிசோனாவுக்குக் குடிபோய்விட்டார்கள். அன்று நின்ற வேலைதான்.

எனக்குப் புரியவில்லை. தெற்கு வரிசையில் இருநூறு பேர் நிற்கிறார்களே, எவனைக் கேட்டாலும் ஓடி வருவானே என்றேன்.

அவள் போர்வையை மடித்துக்கொண்டே சொன்னாள். "வருவாங்க. வருஷா வருஷம் அவங்களுக்கு நான் எடம் காட்டுறேன். அங்கே போய், என்னோடது முடியலே, கை குடுங்கன்னு கேக்க வாய் வரலே, வெண்டல். ஒரு வருஷம் கேக்கலே. ரெண்டாவது வருஷம் கேக்க இன்னும் வெக்கமாப் போச்சு. அப்புறம் ஒன்பது ஆயிடுச்சு."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிறு தவறாமல் போனேன். ஒரு மூலையில் விறகு அடுப்பு எரியும். அவள் வெளியே, நான் தோள்வரை இறக்கைக்குள். சத்தத்தில் பேச முடியாது, அதனால் தட்டித்தான் சொல்லிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் மறுபடியும். முதல் நாள் கட்டையைச் சாய்த்துப் பிடித்து ஏழு ரிவெட்டைக் கெடுத்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஏழையும் துளைத்து எடுத்துவிட்டு, "லோயிஸ் மொத நாள் பதினொண்ணு" என்றாள்.

ஏப்ரல் மாதம் இறக்கை மூடியது. கடைசி ரிவெட்டை அடித்ததும் அவள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய், உருகிக்கொண்டிருந்த பனியில் கொஞ்ச நேரம் நின்றாள். நான் உள்ளேயே இருந்து கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைக் கோனியிடம் கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

ஒருமுறை கேட்டுவிட்டவளுக்குப் பிறகு கேட்பது சுலபமாகிவிட்டது. என்ஜின் வைக்க ஒருத்தர் வந்தார். மின்கம்பி இழுக்க ஒரு பல் டாக்டர் நூறு மைல் தாண்டி வந்தார். எல்லாரும் தெற்கு வரிசைக்காரர்கள். கூப்பிட்டதற்கு அவர்கள்தான் அவளுக்கு நன்றி சொன்னார்கள். அரசாங்க ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார். விதிப்படி முதல் நாற்பது மணி நேரம் தனியாகவே பறந்து சோதித்தாள். முதல் நாள் இறங்கி வந்ததும் நான் எப்படி இருந்தது என்று கேட்டேன். "நேராப் போகுது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எட்டாம் வருஷ ஜூலையில் நானும் அவளும் அதில்தான் ஃபாக்ஸ் மார்ஷுக்குப் போனோம். லோயிஸ் அரிசோனாவிலிருந்து வந்து தெற்கு வரிசையில் நாற்காலி போட்டுக் காத்திருந்தாள். ஆர்டிஸுக்குப் பதிலாக அன்று கொடி பிடித்தவர் டேரில். ஓய்வுபெற்ற தபால்காரர், அவளே பழக்கிய ஆள், அவளுக்குமேல் கறார். வெயில் கண்ணாடியில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது, உள்ளே இருப்பது யார் என்றோ கதவருகே எழுதியிருப்பது என்ன என்றோ அவருக்குத் தெரியவில்லை. அவர் எங்கள் விமானத்தைப் பார்த்தார். பளபளவென்று, ஆலையிலிருந்து நேற்று வந்ததுபோல இருந்தது. கண்ணாடியில் தாளைத் தேடினார். பிறகு கொடியை வடக்கே நீட்டினார்.

'க' என்று எழுதிய தாள் என் மடியில் இருந்தது. இரண்டு பேருமே அதை ஒட்ட மறந்திருந்தோம்.

"ஆர்டிஸ், கதவைத் தொறந்து சொல்லிடுங்க" என்றேன்.

"கொடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான். பேச்செல்லாம் அப்புறம்" என்று சொல்லிவிட்டு வடக்கே திருப்பினாள்.

சோயா வயலை ஒட்டி நிறுத்தி, மூன்று முளை அடித்து, நடக்க ஆரம்பித்தோம். வெயில் கொளுத்தியது. பாதி தூரத்தில் அவள் நின்று, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டாள்.

"இவ்ளோ தூரமாய்யா இது? ஏன் சொல்லலே?"

"வருஷா வருஷம் சொன்னேனே."

"நீ மெத்தை தைச்ச கதையைத்தானே சொன்னே."

டேரிலுக்கு விஷயம் தெரிந்தபோது முகம் வெளுத்துவிட்டது. அவர் செய்ததுதான் சரி, தாள் இல்லாத விமானத்துக்குத் தெற்கில் இடம் கிடையாது என்று ஆர்டிஸ் எல்லார் முன்னாலும் சொன்னாள். பிறகு வடக்கே போய்த் தாளை ஒட்டி, விமானத்தை உருட்டிக்கொண்டு தெற்கே வந்தாள். வரிசையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

லோயிஸ் இடது இறக்கைக்குக் கீழே குனிந்து, உள்ளங்கையைத் தகட்டில் வைத்து மெதுவாக நகர்த்திக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் நின்றாள். "இது வரைக்கும் நான். இங்கேருந்து யாரு?"

ஆர்டிஸ் என்னைக் காட்டினாள். லோயிஸ் இன்னும் கொஞ்ச தூரம் தடவிப் பார்த்துவிட்டு, "பரவால்லியே" என்றாள். எனக்கு அது போதும்.

அடுத்த வருஷமும் விதி மாறவில்லை. கட்டினது தெற்கே, வாங்கினது வடக்கே. ஆனால் வைக்கோல் வண்டியில் பெஞ்சு போட்டு, டிராக்டர் பூட்டி, கால்மணிக்கு ஒருமுறை இரண்டு கோடிக்கும் ஓட விட்டாள் ஆர்டிஸ். குடிதண்ணீர்க் குழாய் ஒன்றும் வடக்கே வந்தது.

எப்போது உன்னுடையதைக் கட்டப்போகிறாய் என்று என்னைக் கேட்கிறார்கள். கட்டுவேனோ என்னவோ. என் செஸ்னா நன்றாகத்தான் பறக்கிறது. அந்த இறக்கை மூடிய பிறகு, கை எட்டாமல் நின்றுபோன வேலை வேறு யாரிடமெல்லாம் இருக்கிறது என்று ஆர்டிஸ் விசாரிக்க ஆரம்பித்தாள். நிறைய ஷெட்டுகளில் போர்வைக்குக் கீழே அப்படி ஒன்று இருக்கிறது. இதுவரை மூன்று இறக்கை மூடிவிட்டோம். மின்கம்பி இழுத்த பல் டாக்டர் தனக்கும் இரண்டாவது விமானம் ஒன்று நின்றுகிடப்பதாக இப்போதுதான் வாய் திறந்திருக்கிறார். வருகிற ஞாயிறு அங்கே போகிறோம். பால் இறக்கிவிட்டு ஆர்டிஸைக் கூட்டிக்கொள்ள வேண்டும், ருபார்ப் பண்டம் சுட டாக்டர் வீட்டில் எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கோனி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.