சித்தப்பாவின் இத்தாலிக்காரர்

தமிழர் வீடுகளைத் தேடித் தாக்கிய காவிரிக் கலவரத்தின்போது ஒரு பிற்பகல், காக்ஸ் டவுன் வீட்டில் நாங்கள் இத்தாலிய நகைச்சுவைப் படம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தமிழில் எழுதிய பெயர்ப்பலகையை அப்பா கழற்றியிருந்தார். தமிழ்ப் படக் கேசட்டுகள் அரிசி டிரம்முக்குள் போயிருந்தன. வீடு சத்தமில்லாமல் கிடந்தால் ஆளில்லை என்று கொளுத்திவிடுவார்கள் என்றாள் அம்மா. பேசினால் தமிழ் வெளியே கேட்கும். அப்போதுதான் சித்தப்பா தன் கேசட்டை எடுத்து வந்து சத்தமாக ஓடவிட்டார்.

சித்தப்பா திரைப்படச் சங்கம் ஒன்றில் உறுப்பினர். அந்தப் படத்தை எடுத்த இயக்குநரின் வாழ்க்கை அவருக்கு மனப்பாடம். சுவரொட்டி வரைந்து பிழைத்தவர். பிறர் படங்களுக்குச் சிரிப்பு வசனம் எழுதியவர். முதல் படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. பிறகு வரிசையாக நகைச்சுவைப் படங்கள் எடுத்து நாட்டையே சிரிக்கவைத்தார். வயதான காலத்தில் தயாரிப்பாளர் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்தார்.

"அவரு படத்துல ஹீரோவே கிடையாதுண்ணா. எல்லாம் பயந்தாங்கொள்ளிங்கதான்" என்றார் சித்தப்பா, தாழ்ந்த குரலில்.

"அப்ப நம்ம வீட்லயே எடுத்திருக்கலாம்" என்றார் அப்பா.

படத்தில் அலமாரிக்குள் ஒளிந்திருந்த திருடன் தும்மியபோது, எங்கள் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கட்டைகளோடு நாலைந்து பேர். அப்பா கதவைத் திறந்தார்.

முன்னால் நின்றவர் டிவியைப் பார்த்து, "யாவ பாஷே இது?" என்றார். இத்தாலி மொழி என்று அப்பா பிசிறில்லாத கன்னடத்தில் சொன்னார். வந்தவர் வாசற்படியிலேயே நின்று பார்த்தார். திரையில் திருடனை அலமாரியோடு தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் சிரித்துவிட்டார். கடைசியில் மாட்டிக்கொள்வானா என்று சித்தப்பாவிடம் கன்னடத்தில் கேட்டார்.

மணிக்கணக்கில் பேசக்கூடிய சித்தப்பாவுக்கு வாய் எழவில்லை. அவர் சொல்லி அந்தக் கதையைப் பல முறை கேட்டவள் நான். மறந்துவிட்டார் போலும் என்று உதவிக்குப் போனேன்.

"இல்ல அங்கிள், தேடி வந்த போலீசும் அதே அலமாரில ஒளிஞ்சுக்குவாரு. அப்புறம்..."

அம்மாவின் கை என் வாயைப் பொத்தியது. படம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. குழந்தை என்ன சொன்னது என்று கேட் அருகே நின்ற ஒருவன் விசாரித்தான். முன்னால் நின்றவர் என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார்.

"ஏனில்ல" என்றார், திரும்பாமலே. ஒன்றுமில்லையாம். கதவைத் தாழ் போட்டுக்கொள்ளும்படி அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டு, மற்றவர்களை அடுத்த தெருவுக்கு அழைத்துப் போனார்.

தாழிட்ட அப்பா அங்கேயே தரையில் உட்கார்ந்தார். அம்மா அழுதாள். யாரும் என்னைத் திட்டக்கூட இல்லை. எனக்குத்தான் எல்லார் மேலும் கோபம். கதையின் நல்ல இடமே இனிமேல்தான் இருந்தது; அந்த அங்கிள் அதைக் கேட்காமலே போய்விட்டார்.