அன்ரனெற் அக்கா ஜேர்மனிக்கு அனுப்பிய பாடம்

என் அக்கா அன்ரனெற்றின் செவ்வாய்க்கிழமை வகுப்பில் தமிழர் ஒருவர்கூட இல்லை. கரோல் என்ற பொதுச் சுகாதார நேர்ஸ், தமிழர் நிறைந்த டோர்செட் பார்க் மாடிக் கட்டடங்களுக்கு அடிக்கடி வந்துபோகும் தீயணைப்புக்காரர் ஒருவர், தமிழ்ப் பெட்டையைக் கலியாணம் கட்டப்போகும் வங்கி ஊழியர் ஒருவர், இப்படி ஏழெட்டுப் பேர். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் மாலை வகுப்பு நடக்கும். அக்கா மேசையில் முருங்கைக்காய், கறிவேப்பிலை, கத்தரிக்காயெல்லாம் பரப்பிவைத்துக்கொண்டு கடைக்காரியாக நிற்பார். வந்தவர்கள் தமிழில் கேட்டு வாங்க வேண்டும். இங்கிலீசில் கேட்டால் அவருக்குக் காது கேட்காது. கரோல் ஒருமுறை கைகளை விரித்து, முகத்தைக் கோணி, ஏறக்குறைய நடனமே ஆடிக் காட்டினாள். அக்கா அசையவில்லை. "கடை பூட்டப்போறன்" என்றார், அவ்வளவுதான்.

தொண்ணூற்றேழாம் ஆண்டு மாசி மாதம் கரோல்தான் அந்த அறிவித்தலைக் கொண்டுவந்தாள். ஜேர்மனியில் ஒரு பல்கலைக்கழகம். அங்கிருந்து ஒருவர் ரொறன்ரோவுக்கு ஜேர்மன் படிப்பிக்க வருவார். இங்கிருந்து ஒருவர் ஒரு வருடத்துக்கு அங்கே தமிழ் படிப்பிக்கப் போகலாம். பயணச் சீட்டு, அறை, மாதச் செலவு எல்லாம் அவர்களுடையது. விண்ணப்பத்தோடு, தான் பாடம் நடத்துவதை வீடியோவில் எடுத்து அனுப்ப வேண்டும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தொரு வயது. எழுபத்தைந்தில் இலங்கையில் பல்கலைக்கழகச் சோதனை நன்றாக எழுதியும், தமிழ்ப் பிள்ளைகளிடம் கூடப் புள்ளி கேட்ட தரப்படுத்தலில் கம்பஸ் கிடைக்காமல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனவர். அதைப்பற்றி வீட்டில் கதைக்க மாட்டார். அறிவித்தலை வாசித்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார்.

"பிள்ளையாப் போக விடேல்லை. ரீச்சராப் போய்ப் பாப்பம்."

நான் பயந்தேன். பயப்படுவது எனக்குத் தொழில் மாதிரி. நிரந்தரமாய் இருக்க விடும் லாண்டட் பேப்பர் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. சிற்றிசன் எடுக்காமல் வெளியே போனால் திரும்பி வரும்போது எயார்போட்டில் என்ன கேட்பார்கள்? பக்கத்துக் கதவு குணவதி அன்ரிக்கு வேறு கவலை.

"ஜேர்மனிக்குக் கலியாணம் கட்டப் போறதெண்டால் விளங்கும், பிள்ளை. உந்த வயசில படிப்பிக்கவோ?"

"அன்ரி, மாப்பிள்ளை கிடைச்சால் அவருக்கும் படிப்பிக்கிறன்" என்றார் அக்கா.

அன்ரி மறுநாள் முழுக்க எங்கள் கதவைத் தட்டவில்லை.

வீடியோவுக்கு அன்புராசாவைப் பிடித்தோம். ஸ்காபரோவில் பாதிக் கலியாணங்களையும் பெட்டைப்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்குகளையும் அவர்தான் எடுத்தார். அவரைத் தேடிப்போனதற்குச் சரியான காரணம் இருந்தது. இங்கே எடுத்த வீடியோ ரேப் ஜேர்மனியில் அப்படியே ஓடாது, அந்த ஊர் முறைக்கு மாற்ற வேண்டும். கொழும்புக்கும் பாரிசுக்கும் பேர்லினுக்கும் கலியாண ரேப்புகள் அனுப்பிப் பழகிய அன்புராசாவுக்கு அது கைவந்த வேலை.

"ரீச்சர், நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. உது எங்கட சனத்தின்ரை மானப் பிரச்சினை. காசும் வேண்டாம்" என்றார்.

வகுப்புக்குப் பெரிய லைற்றோடு வந்தார். தீயணைப்புக்காரரைக் கதவால் மூன்று தரம் உள்ளே வரச் செய்தார். "ரீச்சர், கொஞ்சம் குனிஞ்சு, மெல்லமா நிமிந்து பாருங்கோ" என்றார்.

"நான் என்ன கலியாணப் பொம்பிளையே, அன்புராசா?"

"ஒரு சிரிப்பு ரீச்சர், ஒரே ஒரு சிரிப்பு."

கரோல் கறிவேப்பிலை தரச்சொல்லிக் கேட்டுவிட்டு முருங்கைக்காயைத் தூக்கிப் பைக்குள் வைத்தாள். அக்கா சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். அதுவும் பதிவாகியது.

கடைசித் திகதி நெருங்கியிருந்தபடியால் அன்புராசா இரவு பகலாக இருந்து வெட்டி ஒட்டி, ரேப்பை மாற்றி, விண்ணப்பத்தையும் வாங்கிக்கொண்டு தானே கூரியரில் போட்டுவிட்டார். பிறகுதான் எங்களுக்கு ஒரு பிரதி கொண்டுவந்து தந்தார். ரீவிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

முதலில் பொன் எழுத்தில் "அன்புராசா வீடியோ பெருமையுடன் வழங்கும்." பிறகு ரோசாப் பூக்கள் மேலிருந்து கொட்டின. பூக்களுக்கு நடுவே ஓர் இதயம் விரிந்தது. அதற்குள் என் அக்காவின் முகம். முருங்கைக்காய் சுழன்று சுழன்று வந்து மேசையில் இறங்கியது. தீயணைப்புக்காரர் கதவால் வந்தபோது நாதஸ்வரம். வங்கி ஊழியர் ஒரு வசனத்தைப் பிழையில்லாமல் சொல்லி முடித்ததும் கெட்டிமேளம் கொட்டி, திரையின் நான்கு மூலைகளிலும் வாணவேடிக்கை வெடித்தது.

"எப்பிடி ரீச்சர்?" என்றார் அன்புராசா.

அக்கா ரீவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சத்தம் தெளிவா விழுந்திருக்கு" என்றார். "கஷ்டப்பட்டிருக்கிறீங்கள். பெரிய உபகாரம்."

அவர் போன பிறகு நான் தலையில் கைவைத்தேன்.

"முடிஞ்சுது அக்கா. புரொபெசர்மார் பாத்துச் சிரிக்கப்போறாங்கள். யூனிவேசிற்றியும் போச்சு, மானமும் போச்சு."

"நீ முதல்ல தேத்தண்ணி போடு" என்றார்.

தேத்தண்ணி ஆறும் முன்பே நான் ஆங்கிலத்தில் தொலைநகலில் அனுப்ப ஒரு பக்ஸ் எழுதிவிட்டேன். எனக்கு இரண்டு மொழியிலும் மன்னிப்புக் கேட்க நன்றாக வரும். தொழில் தெரியாத ஒருவரின் தவறால் இப்படி நேர்ந்துவிட்டது, தயவுசெய்து அந்த நாடாவைக் கணக்கில் எடுக்க வேண்டாம், வேறொன்று அனுப்புகிறோம் என்று. அக்கா வாசித்தார். குறுக்கே ஒரு கோடு கீறினார்.

"அவருக்கோ தொழில் தெரியாது? எங்கட ஆக்கள் பெரிசா மதிக்கிற நாளை அவர் எப்பிடி எடுப்பாரோ, அப்பிடித்தான் என்ரை வகுப்பையும் எடுத்திருக்கிறார். அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கிறதே?"

"அப்ப என்ன எழுதுறது?"

"உதைத்தான் எழுதப்போறன்."

அப்படியே எழுதினார். ரொறன்ரோவில் எங்கள் சமூகம் தன் முக்கியமான நாட்களை இப்படித்தான் பதிவுசெய்யும். இதை எடுத்தவர் தமிழ் வகுப்பு ஒன்றையும் அப்படிப்பட்ட நாளாக நினைத்தார். பூக்களுக்குக் கீழே பாடம் இருக்கிறது, பாருங்கள். கீழே கையெழுத்து. அந்த பக்ஸை அனுப்பக் கொண்டுபோனது நான்தான். பக்ஸ் கடைக்காரர் என் கையிலிருந்து இழுத்துத்தான் எடுத்தார்.

பங்குனி முடியும்போது ஒரு காலை நேரம் தொலைபேசி வந்தது. நேர்முகம். அக்கா குசினியில் அடுப்பருகே நின்று பேசினார். நான் அறைக்குள் இருந்த மற்றத் தொலைபேசியைத் தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு ஒட்டுக் கேட்டேன். பேராசிரியை ஒருவர் ஆங்கிலத்தில் பேசினார்.

"உங்கள் நாடாவை இரண்டு தரம் பார்த்தோம். இரண்டாம் தரம் கதவைச் சாத்திக்கொண்டு. மேளச் சத்தம் கேட்டு மாணவர்கள் வந்துவிட்டார்கள்."

அக்கா சிரித்தார்.

"ஒரு கேள்வி. அந்த நேர்ஸ் கறிவேப்பிலை கேட்டுவிட்டு வேறு எதையோ எடுத்துப் போனார். நீங்கள் ஏன் திருத்தவில்லை?"

"கடைக்காரர் திருத்த மாட்டார், அம்மா. காசை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார். வீட்டில் சட்டியை அடுப்பில் வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரியவரும். அடுத்த கிழமை வந்தபோது கறிவேப்பிலையை மூக்கில் வைத்து மணந்து பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். அது ரேப்பில் இல்லை."

அந்தப் பக்கம் யாரோ எழுதுவது கேட்டது. பிறகு பேராசிரியை திடீரென்று தமிழுக்கு மாறினார். ஏட்டுத் தமிழ், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக.

"தாங்கள் இங்கு வருகை தருவதாயின், முதல் வகுப்பில் எதனைக் கற்பிப்பீர்கள்?"

"முதல் வகுப்பிலயோ?" என்றார் அக்கா. "எல்லாரையும் எழுப்பி வெளியில விடுவன். கதவைத் தட்டச் சொல்லுவன். நான் உள்ளுக்க இருந்து 'ஆரது?' எண்டு கேப்பன். மறுமொழி சொன்னவை உள்ளுக்க வரலாம்."

பிறகு பேராசிரியை மெதுவாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான்தான்" என்றார்.

"வாங்கோ, வாங்கோ" என்றார் அக்கா.

சித்திரை நடுவில் இடம் கிடைத்த செய்தி வந்தது. அன்புராசா அதைக் கேட்டுவிட்டு, "பின்னை, வாணவேடிக்கை சும்மாவே போட்டனான்?" என்றார். குணவதி அன்ரி ஒரு சட்டி நிறைய மீன் குழம்பு கொண்டுவந்தார். சுகாதார நிலையத்தில் கரோல் தன்னிடம் வந்த தமிழ்த் தாய்மாருக்கெல்லாம் சொன்னதில், தெரியாத மனுசிகள்கூட அக்காவைக் கடையில் மறித்து, "நீங்களோ அந்த ரீச்சர்?" என்றார்கள். எயார்போட் பயத்தை நான் மறக்கவில்லை. ஆனால் வேலையிடத்தில் நாலு பேர் கூடினால் நானே கதையைத் திருப்பி ஜேர்மனியில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

பயணத்துக்கு முன் கடைசியாக அங்கிருந்து ஒரு செயலாளர் பேசினார். அறைக் கதவுக்குப் பெயர்ப்பலகை செய்ய வேண்டும், பலகை சிறியது, பெயரைச் சுருக்கி 'ஏ. என். பிள்ளை' என்று போடலாமா என்று கேட்டார். அக்கா நின்றுகொண்டே ஒவ்வொரு எழுத்தாக, அவசரப்படாமல், முழுப் பெயரையும் சொன்னார். அன்ரனெற் நீக்கிலாப்பிள்ளை.

"இடம் காணாவிட்டால் இரண்டு வரியாகப் போடுங்கள்" என்றார்.

இரண்டு வரியாகத்தான் போட்டிருக்கிறார்கள்.