முத்துப் பெட்டியைக் கடலில் தள்ளியவன்

விம்கோ நகரில் இரண்டு மாடி வீடு. காசிமேட்டில் இரண்டு விசைப்படகு. திருவொற்றியூரில் லேத் பட்டறை. பதினோரு பேருக்கு அங்கே வேலை. நாலாம் வகுப்போடு நின்றவன், எவன் சிபாரிசும் இல்லாமல் இவ்வளவையும் உண்டாக்கினேன். இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஒரு கதைக்கு முடிவு கட்டியதும் நான்தான். அதை ஒருவரும் சொல்வதில்லை.

இதெல்லாம் வருவதற்கு முன்னால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். சரக்குச் சீட்டு எழுதும் கிளார்க் ஒருவர், சாப்பாட்டு நேரத்தில் கிரேன் நிழலில் உட்கார்ந்து எங்களுக்குப் புத்தகம் வாசிப்பார். வெள்ளைக்காரன் எழுதிய கடல் கதை, தமிழில் வந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியிருந்தார். ஒரு மாதம் ஓடியது. கப்பல் உடைந்து, கேப்டன் நாலு ஆட்களோடும் ஒரு முத்துப் பெட்டியோடும் சின்னப் படகில் கரையை நெருங்குகிறான். அலை தூக்கி அடிக்கிறது, படகில் தண்ணீர் ஏறுகிறது. அதற்குமேல் பக்கங்கள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள்.

"இன்னா சார், பொயச்சானா செத்தானா? சொல்லாம வுட்டா சோறு எறங்காது" என்றான் ஒருவன். கிளார்க் திருதிருவென்று விழித்தார்.

நான் வாயைத் திறந்தேன். என் அப்பா கடலுக்குப் போனவர். கரையோர அலையில் படகுக்குள் தண்ணீர் ஏறினால் எங்கள் ஆட்கள் முதலில் தள்ளுவது பிடித்த மீனைத்தான், அப்புறம் வலையை. "பொட்டிய கடல்ல தள்ளிட்டான் சார். அஞ்சு பேரும் வெறுங்கையா கரையேறிட்டாங்க."

 கூட்டத்தில் ஒருவன், "அவன்தான்டா கேப்டனு" என்றான்.

போன மாதம் அந்தக் கதை படமாக வந்தது, தமிழ் டப்பிங்கில். கிளார்க்குக்கு இப்போது கண் சரியில்லை. நான்தான் காரில் அழைத்துப் போனேன். முழங்கால் வலியோடு இரண்டரை மணி நேரம். திரையில் அலை பனைமர உயரம் எழும்பியது. கிரேன் நிழலில் காதால் கேட்ட அலைக்குத்தான் நான் பயந்திருக்கிறேன். கடைசியில் கேப்டன் பெட்டியோடு கரையேறி, முத்தை அள்ளி வீசிச் சிரிக்கிறான்.

வெளியே வந்ததும் கிளார்க் கொதித்தார். "கதையவே கெடுத்துட்டானுங்கபா. புக்ல பொட்டிய கடல்ல தள்ளுவான். நானே படிச்சிகீறேன்."

"சார், அது நான் சொன்னது."

"நீயா? போ நைனா. பஸ்ஸு போர்டையே எயுத்து கூட்டிப் படிச்ச ஆளு நீ."

 அவரை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அன்று கேட்டவர்களில் மிச்சம் நாங்கள் இருவர்தான். அவரே இப்படிச் சொன்னால் எனக்கு யார் சாட்சி? புத்தகத்தில் நிஜமாகவே என்ன இருந்தது என்று இருவருக்கும் தெரியாது. படத்தில் வந்ததேகூட இருக்கலாம். இருக்கட்டும். பெட்டியோடு கரையேறியவனை எழுதியவனே வைத்துக்கொள்ளட்டும். வெறுங்கையோடு ஏறியவன் என் ஆள். கிளார்க் சார் அதை ஒரு தடவை, நாலு பேர் முன்னால், தன் வாயால் சொல்ல வேண்டும்.